கட்டிங் டேபிளை அடைத்த வம்சம்

தையல்காரம்மாவின் பொறுமை போய் ஒரு மாதம் ஆயிற்று. வீட்டில் இருப்பதே ஒரு கட்டிங் டேபிள். அதில் ஒரு முழ இடம் மிச்சம் வைக்காமல் சார்ட் தாளை விரித்துவிட்டார் அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக் உத்தியோகம். எந்த லிஃப்ட் எப்போது ஓட ஆரம்பித்தது, எப்போது நின்றது என்று கார்டு எழுதிப் பழகிய கை. இப்போது அதே மாதிரி சொந்தக்காரர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தார்.

சரி, ஊரில் நாலு பேர் வம்சம் தேடுகிறார்கள். ஒருத்தருக்குச் சொத்து, ஒருத்தருக்குப் பெருமை, ஒருத்தருக்கு வேலை வெட்டி இல்லை. ஆனால் இவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, எவனும் கேட்க மாட்டான். துணியை வைத்துக்கொண்டு தரையில் மண்டி போட்டு வெட்டும்போது அவர் போனில் பேசுவது அவள் காதில் விழும்: "சித்தி, நல்லா இருக்கீங்களா? சித்தப்பா எத்தனை வயசுல போனாரு?"

சித்தி இவளைக் கூப்பிட்டுக் கத்தினாள். "உம் புருஷன் என்னம்மா, எமனுக்குக் கணக்கு எழுதறானா?"

மானம் போயிற்று. முட்டியும் போயிற்று. அன்றைக்கு மூன்று பிளவுஸ் வெட்டியாக வேண்டும். அவர் வேலைக்குப் போனதும், வந்தது வரட்டும் என்று தாளை உருவினாள். உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு பெண் பெயர்கூட இல்லை. வெறும் ஆண்கள். தாத்தா, 53. பெரியப்பா, 52. அப்பா, 53. சித்தப்பா, 53. எல்லோருக்கும் எதிரே 'நெஞ்சு வலி'. கடைசிக் கட்டத்தில் இவர் பெயர். வயதுக்கு நேரே பென்சிலில் 52, பக்கத்தில் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் பிறந்தநாள்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே. இதை வாய்விட்டுச் சொல்ல இவருக்கு என்ன கேடு?

சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சாகப்போறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்ல... சும்மா பார்த்தேன்."

"சும்மாவா? எங்கிட்ட சொன்னா என்ன, தலையா வெடிச்சுடும்?"

"நீ பயந்துடுவே."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா எனக்கு?"

அவள் போனை எடுத்து அவருடைய அக்காவை அழைத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணி, உங்க தம்பி பண்ணியிருக்கிற வேலையைக் கேளுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள்.

"டேய், உனக்கு ஏதுடா அம்பத்திரண்டு? எட்டு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம்னாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவே. நாந்தான் இழுத்துட்டுப் போய்ச் சேர்த்தேன். எட்டுன்னா சேர்க்க மாட்டாங்கன்னு ஹெட்மாஸ்டர் அஞ்சுன்னு எழுதிட்டாரு. உனக்கு இப்ப அம்பத்தஞ்சுடா!"

செத்தவர்கள் வயதையெல்லாம் தோண்டிய மனுஷன், உயிரோடு இருக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! பயந்து பயந்து காத்திருந்த வயதை, எப்போதோ சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே தாண்டியிருக்கிறார்.

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். 52-ஐ அழித்து 55 என்று எழுதினார். அவளுக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே தாளைச் சுருட்டப் போனாள்.

அவர் அதன் மேல் கையை வைத்தார்.

"இரு. அப்போ எங்க அப்பாவைப் பள்ளிக்கூடத்துல எத்தனை வயசுல சேர்த்தாங்களோ?"

அவள் அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி இரண்டாக உடைத்தாள்.

"நாளைக்குக் காலையில நேரா டாக்டர்கிட்ட போறோம். இப்ப எந்திரிங்க, நான் பிளவுஸ் வெட்டணும்."