எரியாத போர்டு

புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஃபேன் தூசி துடைப்பதில் தொடங்கி மதர்போர்டில் சால்டரிங் வைப்பதுவரை வந்திருந்தேன். ஒன்றை மட்டும் முதலாளி காட்டவே மாட்டார்: லேஅவுட் ஃபைல். போர்டில் கடுகளவு பாகம் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எதோடு சேர்கிறது என்று காட்டும் வரைபடம் அது. நான் பக்கத்தில் போனாலே திரையை மூடிவிடுவார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை இன்ஜினியர் ஒருவர், ஆன் ஆகாத லேப்டாப்பைக் கொடுத்திருந்தார். இரண்டு வாரமாகியும் முதலாளிக்குப் பழுது பிடிபடவில்லை. இன்ஜினியர் கேட்க வந்த அன்று, கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு முதலாளி என்னைக் கைகாட்டினார்.

"இன்னா சார் பண்றது? இந்தப் பொண்ணு சூடு ஜாஸ்தி வெச்சி போர்டை எரிச்சிடுச்சி."

நான் அந்த போர்டைத் தொட்டதுகூட இல்லை. வாய் திறந்தேன். "எதிர்த்துப் பேசிக்கினு நிக்காத. ஊட்டுக்குக் கெளம்பு" என்றார். வேலை போனது.

இன்ஜினியர் பின்னாலேயே ஓடி பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். "சார், ஒரு மாசம் அதை என்கிட்ட குடுங்க. நான் எரிக்கல." என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார்.

கவரைப்பேட்டை பிரவுசிங் சென்டரில் தினமும் உட்கார்ந்தேன். போர்டில் அச்சிட்டிருந்த நம்பரைப் போட்டு, பழுது பார்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் தளங்களில் எல்லாம் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நான்காவது வாரம் முகம் தெரியாத யாரோ ஒருவர் ஃபைலை அனுப்பினார்.

சார்ஜரிலிருந்து வரும் லைனில் ஷார்ட் இருப்பதை மீட்டர் சொன்னது. அந்த லைனில் இருக்கும் கெப்பாசிட்டர்களை ஃபைல் ஒவ்வொன்றாகக் காட்டியது. பதினொன்றைச் சோதித்துவிட்டேன். பன்னிரண்டாவது, கம்பெனியில் ஒட்டிய கறுப்பு ஷீட்டுக்கு அடியில். ஷீட்டை யாரும் பிரித்த அடையாளமே இல்லை. அதன் ஓரத்தை மட்டும் தூக்கி, கெட்டுப்போன அந்தக் கெப்பாசிட்டரை எடுத்தேன். ஷார்ட் நீங்கியது, லேப்டாப் ஆன் ஆனது.

இன்ஜினியரிடம் பேசாமல் கொடுத்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை. சனிக்கிழமை, கூட்டம் நெரியும் நேரம் பார்த்து அவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"எரிஞ்சிபோச்சுன்னீங்களே அண்ணா, ஓடுது பாருங்க." போர்டைக் கழற்றி அந்த ஷீட்டைக் காட்டினேன். "நான் கைவெச்ச எடம் இது ஒண்ணுதான், அதுவும் போன வாரம். வேற எங்க சூடு வெச்சிருக்கேன், காட்டுங்க."

முதலாளி பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். "வெளிய வா, பேசிக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

"அன்னிக்கு உள்ளதானே சொன்னீங்க? இங்கயே சொல்லுங்க."

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"சத்தமா."

சொன்னார். கல்லாவில் இருந்த அவர் மனைவி தலை குனிந்துகொண்டார். எத்தனையோ மத்தியானம் என்னோடு சோறு பகிர்ந்துகொண்டவர். அவரைப் பார்க்கத்தான் முடியவில்லை. மற்றபடி, அன்று போல நான் ருசித்துச் சாப்பிட்ட நாள் குறைவு.

பத்து நாள் கழித்து முதலாளி திரும்பக் கூப்பிட்டார், ஃபைலெல்லாம் தருகிறேன் என்றார். நான் எதிர்க் கடையை வாடகைக்குப் பிடித்தேன். மேசையை அவர் வாசலைப் பார்த்தபடி போடச் சொன்னேன்.