கிழட்டு அணுக்களின் அடையாளம்

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி பேயாண்டியின் மகள் சோலையம்மாள், மதுரையில் உயிர்வேதியியல் ஆய்வாளராக இருந்தார். ரத்தத்தின் வயதான சிவப்பணுக்களில், புரதங்கள்மீது மெத்தில் என்ற சிறு வேதித்துணுக்கு அதிகமாக ஒட்டியிருப்பதை 1981இல் கண்டார். பழுதான புரதத்தைச் சரிசெய்ய உடம்பு வைக்கும் அடையாளம் அது என்று எழுதினார்.

"மதுரை வெயிலில் ரத்தம் கெட்டிருக்கும்" என்று டெல்லிப் பேராசிரியர் ஒருவர் ஒதுக்கிவிட்டார்.

சோலையம்மாள் வாதாடவில்லை. அடுத்து வந்த சித்திரை வெயிலிலேயே சிம்மக்கல்லில் ஐஸ் பார்கள் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தார். சோதனைக் குழாய்களை அதில் புதைத்துவைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார். ரத்தம் கொடுக்க அப்பாவும் கை நீட்டினார்.

"கிழவன் ரத்தம் ஆகுமா தாயி?"

"எல்லார் ரத்தத்துலயும் கிழட்டு அணு இருக்குப்பா."

முடிவு மாறவில்லை. மறுவருடம் மதுரையில் நடந்த மாநாட்டில் அதே பேராசிரியர் எழுந்தார். "நானும் செய்து பார்த்தேன். சோலையம்மாள் சொன்னதுதான் சரி" என்றார். அரங்கம் கைதட்டியது.

வெளியே வந்ததும் பேயாண்டி கேட்டார்: "அப்ப மூப்பைத் தடுத்துருவியா?"

"தடுக்க முடியாதுப்பா. ஆனா பழுதானதை உடம்பு சும்மா விடறதில்ல, சரிபண்ணப் பாக்குது. அது இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"அம்புட்டையும் எம்மக கண்டுபிடிச்சிருக்கா!" என்று பேயாண்டி வாசலில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். சோலையம்மாள் அவரைத் தடுக்கவில்லை.