நண்பகலில் ஏறிய மேடு

லோரீனுக்குச் சூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம், தினமும் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவள். எண்ணெய் எந்த நொடியில் கெடும் என்பதை அடுத்த அறையில் இருந்தே மூக்கால் சொல்லிவிடுவாள். ஆனால் அந்த மே மாதத்து மதியம், அரிசோனா மலை மேட்டில் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தது டாஷ்போர்டில் தனியாகப் பொருத்திய ஒரு சின்ன வட்டத்தை. கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் அதில் இருந்தது. இருநூறு டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டியது இருநூற்று முப்பதைத் தொட்டிருந்தது.

பின்னால் டிரெய்லர் கனத்தது. ஏழு வருஷமாக அதுதான் வீடு. சொந்த வீட்டை விற்றுவிட்டு, குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்தில், கோடையில் மேலே பைன் காட்டு முகாமில் காவல் வேலை. வேலைக்குப் பதிலாக இடமும் மின்சாரமும் தண்ணீரும் உண்டு. நாளை மதியத்துக்குள் முகாம் அலுவலகத்தில் போய் நிற்காவிட்டால், இடம் அடுத்துக் காத்திருக்கிற ஜோடிக்குப் போய்விடும். கியர்பாக்ஸ் போனால் இடமும் போச்சு, வீடும் நடுரோட்டில் நின்ற மாதிரிதான்.

இந்த மேட்டை ஏற்றுவது எப்போதும் அவள் புருஷன் டெல்பர்ட்தான். அதுவும் விடியற்காலை நாலு மணிக்கு, குளிரக் குளிர. இந்த வருஷம் அது முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. டெல்பர்ட்டின் நடுங்கும் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்ப ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டார். "இந்தக் குளிர்காலத்துலதான்" என்றான் டெல்பர்ட். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரீனும் ஆமாம் என்று தலையாட்டினாள். இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வரும்போது மணி பதினொன்று. வெயில் கொளுத்தியது.

"ஏ.சி.யை அணை. ரோட்டோரமா போர்டே வெச்சிருக்கான் பாரு" என்றான் டெல்பர்ட்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"ஹீட்டரைப் போடு."

"இந்த வெயில்லயா? என்னை உயிரோட வேக வைக்கவா?"

"சூட்டை நாம வாங்கிக்கிட்டா வண்டி கொஞ்சம் பிழைக்கும் லோரி. மூணாவது கியர்லயே வெச்சுக்க. அதுவா மாத்தி மாத்திப் போட விடாத."

ஹீட்டர் முகத்தில் அனலை ஊதியது. முள் இருநூற்று நாற்பது.

"உன் கூலர் என்ன பண்ணுது? இதுக்குத்தானே அதை மாட்டினே?"

டெல்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போன மூன்று வருஷமாக எந்த முகாமுக்குப் போனாலும் அந்தக் கூலர் கதைதான். கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத் தனியாக ஒரு கூலர், நானே வாங்கி நானே மாட்டினேன், அது இல்லாமல் டிரெய்லர் இழுக்கிறவன் முட்டாள் என்பான்.

முள் இருநூற்று ஐம்பதுக்குப் போனபோது எங்கோ ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. ஓரமாக ஒதுங்க இடம் கிடைத்ததும் திருப்பி நிறுத்தினாள்.

"இஞ்சினை அணைச்சிடாத! நியூட்ரல்ல போடு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சுக்கிட்டே இரு. எண்ணெய் ஓடினாதான் ஆறும்."

"நீ இந்தப் பக்கம் வந்து மிதி. அதுக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல." இறங்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, டிரெய்லருக்குள்ளிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து வந்தாள்.

"அது எதுக்கு?" என்றான் டெல்பர்ட்.

"கூலர்ல பூச்சி அப்பியிருக்கும். தட்டி விடுறேன்."

"வேண்டாம். நிழல்ல போய் உக்காரு."

"நீதானே ஊர் ஊரா சொல்லுவே, பூச்சி அடைச்சா கூலர் செத்துச்சுன்னு?"

"லோரி, வேண்டாம்னா விடேன்!"

அவள் அதற்குள் பானெட்டைத் தூக்கிக் குனிந்துவிட்டாள். ரேடியேட்டர் இருந்தது. ஏ.சி. தகடு இருந்தது, அதில் வெட்டுக்கிளி இறக்கைகள் ஒட்டியிருந்தன. அதற்கு முன்னால், கேக் தட்டு அளவுக்கு அந்தக் கூலர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று.

அவள் பானெட்டை இறக்கி மூடினாள். டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டித் திருகைத் திறந்துவிட்டாள். நூற்றைம்பது லிட்டர் சரளையில் ஓடட்டும், அந்தக் கனமாவது குறையும். பிறகு கூலரைத் தேடி உள்ளே போய்க் கட்டில் பலகையைத் தூக்கினாள். மூலையில் ஒரு அட்டைப்பெட்டி. மேலே டெல்பர்ட்டின் கையெழுத்தில் 'ரேடியோ சாமான்' என்று இருந்தது. ஏழெட்டு தடவை அதை நகர்த்திப் பெருக்கியிருக்கிறாள்.

உள்ளே கூலர் பளபளவென்று புதுசாக இருந்தது. அதன் மேல் முடிச்சுப் போட்ட ஒரு பழைய காலுறை. அவிழ்த்தால் எண்ணெய்க் குழாயைக் கூலரில் திருகி மாட்டுகிற பித்தளை இணைப்புகள், எட்டு. எட்டிலும் மரை கோணலாக ஏறி நசுங்கியிருந்தது. ஒன்று கெட்டதும் இன்னொன்று வாங்கி, அதுவும் கெட்டதும் இன்னொன்று. அவள் மளிகை வாங்கப் போன நேரங்களில் நடந்திருக்க வேண்டும்.

பெட்டியோடு வெளியே வந்தபோது வைக்கோல் கட்டு ஏற்றிய ஒரு டிரக் பின்னால் வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள் இறங்கினார். ஹார்லன் ட்சோசி என்று பெயர் சொன்னார். வடக்கே அக்காவின் ஆடுகளுக்குத் தீனி கொண்டு போகிறாராம்.

"என்ன மேடம், வண்டிக்குக் காய்ச்சலா?"

"நல்ல காய்ச்சல்."

"அட, மருந்தைக் கையில வெச்சுக்கிட்டே படுத்துக் கிடக்கீங்களே!" பெட்டியை எட்டிப் பார்த்தவர், காலுறையிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "இதை எந்தக் குடிகாரன் மாட்டப் பார்த்தான்? ஒண்ணு பாக்கியில்லாம நாசம் பண்ணியிருக்கான்."

பிக்கப்பின் ஜன்னல் திறந்திருந்தது. இஞ்சினின் இரைச்சல் சட்டென்று தாழ்ந்தது. டெல்பர்ட் காலை எடுத்துவிட்டிருந்தான்.

"நான்தான்" என்றாள் லோரீன். "வீடியோ பாத்து மாட்டப் போனேன். எனக்கு என்ன தெரியும்?"

"அதான பாத்தேன்!" ஜன்னலைப் பார்த்துக் கண் சிமிட்டினார் ஹார்லன். "சார்கிட்ட குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

நல்ல இணைப்பு இருந்தால் இப்போதே மாட்டிவிடலாம், தன்னிடம் இல்லை என்றார். வெயில் அந்த முகட்டுக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும் காத்திருங்கள், அப்புறம் முப்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும் என்றார். ஒரு பாட்டில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

நாலரை மணி நேரம் டிரெய்லரின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ரொட்டியில் இறைச்சித் துண்டு வைத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துத் தின்றான். போன மூன்று வசந்தமும் ஏன் நாலு மணிக்குக் கிளப்பினான், ஏன் இந்த மேட்டில் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி "காட்சி பாரு, காட்சி பாரு" என்றான் என்பதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. டாக்டர் முன்னால் தான் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது.

வெயில் சாய்ந்ததும் ஏறினார்கள். ஜன்னல்கள் திறந்து, ஹீட்டர் முழு வேகத்தில். முள் இருநூற்று முப்பதில் நின்றது, ஏறவில்லை. பாதி மேட்டில் அவன் வாய் திறந்தான்.

"நீ எதுக்கு அந்த ஆளுகிட்ட அப்படிச் சொன்னே?"

"ரோட்டைப் பாத்து ஓட்டறேன். பேசாம வா."

இருட்டுவதற்கு முன் முகாம் வந்துவிட்டது. காலையில் அவள் முதல் வேலையாகக் கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக்கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தாள். செர்ரிச் சாறு மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தாள். அடிபிடித்த வாசனை. அக்டோபரில் இந்த வண்டி வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு கீழே இறங்காது. இங்கே நவம்பரில் இடுப்பளவு பனி விழும், முகாமையும் பூட்டிவிடுவார்கள்.

"லோரி, மணி பத்தாச்சு."

டெல்பர்ட் படியில் நின்றான். முகாம் கொடுக்கிற காக்கிச் சட்டையைப் போட்டிருந்தான். இந்த வருஷம் புதுச் சட்டை. பித்தான்கள் எல்லாம் திறந்து கிடந்தன. பழைய சட்டையைப் பித்தான் கழற்றாமலே தலைவழியாக மாட்டிக்கொள்வான். சோம்பேறி என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

"எப்பலேருந்து?"

"கூலர் வாங்கினதுக்கு முந்தியே."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படியேறி, கீழ்ப் பித்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வந்தாள். கழுத்துப் பித்தானுக்கு வந்தபோது, அடிபிடித்த வாசனை போகாத அவள் விரல்கள் அவன் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தன. எண்ணெயின் நிறத்தை அவள் சொல்லவில்லை. அவன் ஒரு தடவை மூச்சை இழுத்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"நிமிர்ந்து நில்லு. காலர் கோணலா இருக்கு" என்றாள்.