வாய்க்கால் மேல் கொட்டிய மண்

கரமனைப் பாலத்தைத் தாண்டி சாலைக் கடைத்தெருவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வெயில் இறங்கவில்லை. வேலை போய்விட்டது, அதோடு படுக்க இருந்த ஓலைக் கொட்டகையும் போய்விட்டது. அது எனக்குப் புதிதில்லை. மேல்வயல் அக்கா சொன்னதுதான் கூடவே வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாலத்துக்கு அப்பால் ஒரு முதலாளி தன் வயலை வீட்டுமனையாக்கப் பார்த்தார். நெல்வயலை மூடக் கலெக்டர் அனுமதி வேண்டும். பழைய தென்னந்தோப்பு என்றால் கேள்வி இல்லை. அதனால் லாரியில் மண் கொட்டி, வேறெங்கோ தோண்டியெடுத்த ஆளுயரத் தென்னைகளை நட்டு, பல வருடத் தோப்பு என்று காட்டுவார்கள். நடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை.

அந்த மண் தண்ணீர் வடியும் வாய்க்காலையும் அடைத்துவிட்டது. மேல்வயலில் பயிர் செய்தவள் நாகர்கோவில் பக்கத்து அக்கா. அறுப்புக்கு நின்ற நெல் முழங்கால் தண்ணீரில் கிடந்தது.

"அண்ணாச்சி, ஒமக்க தென்னையில ஆட்டக் கெட்டினா ஆட்டோட சாஞ்சிரும். வில்லேஜ் ஆபீசர் வந்தா நீரு உள்ளதச் சொல்லிரும்" என்றாள்.

வேலை போன அன்று காலை வில்லேஜ் ஆபீசர் வந்தார். "எத்தர வருஷமாச்சு இந்தத் தெங்கு?" என்று என்னைத்தான் கேட்டார்.

"பத்து நாளு சார்."

முதலாளி என்னை ஒன்றும் திட்டவில்லை. "நீ போயிக்கோ" என்றார், அவ்வளவுதான். அடைத்த மண்ணை வெட்டிவிட நான் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினேன். ஆபீசர் கத்தினார்.

"ஏய், தொடாதே! ஸ்டாப் ஆர்டர் எழுதியாச்சு. கலெக்டர் சொல்ற வரைக்கும் ஒரு கூடை மண்ணு வரவும் கூடாது, போகவும் கூடாது."

"அப்ப எனக்க வயல்ல நிக்க தண்ணி?" என்றாள் அக்கா.

"இது வயல் மூடினதுக்கான பேப்பர். தண்ணிக்கு வேற ஆபீஸ். அங்க எழுதிக் கொடு."

"அவிய வந்து பாக்கதுக்குள்ள நெல்லு மொளச்சிரும் சார்!"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நல்லாச் சொன்னீரு அண்ணாச்சி. பொய்யே சொல்லியிருக்கலாம். மொதலாளி காலப் பிடிச்சாவது வாய்க்காலத் தொறந்திருப்பேன்."

நீங்கள்தானே சொல்லச் சொன்னீர்கள் என்று வாய்வரை வந்தது. தண்ணீரில் நின்றவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கிடங்கில் ஆள் கேட்டார்கள். ஆந்திராவிலிருந்து வந்த மூட்டைகளை அடுக்க வேண்டும். நனைந்த மூட்டைகளைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். அக்காவின் நெல் அப்போதும் தண்ணீரில்தான் கிடந்திருக்கும். சரி என்றேன்.