அவள் மேல் சாமி வரவில்லை

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். மாரியம்மனைக் கும்பிடுகிறவனே அவளைக் குறைத்துச் சொல்கிறானே என்று ஊரார் பேசுவார்களே என்ற பயம்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கரும்பை வெட்ட மலையிலிருந்து வந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒல்லியான உடம்பு. பத்துக் கரும்பு வெட்டியதும் நிமிர்ந்து, வரப்பில் உட்கார்ந்திருக்கும் மகளை ஒரு முறை பார்த்துக்கொள்வாள்.

அன்று அந்தக் குழந்தை ஒரு துண்டுக் கரும்பைக் கடித்தது. ஆட்களைக் கூட்டி வந்த மேஸ்திரி அதன் வாயிலேயே அறைந்தார். ரத்தம் கொட்டியது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவள் வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஒரு முழுக் கரும்பை எடுத்தாள். அது ஒடிந்ததும் இன்னொன்று. மேஸ்திரி பல் உதிர்ந்து, கை முறிந்து மண்ணில் புரண்டார்.

வேப்பிலையை ஒடித்துக்கொண்டு ஓடினேன். "எந்த ஆத்தா வந்துகிற? சாந்தமாவு தாயே!"

"எம்மேல யாரும் வர்லீங்க," என்றாள் மூச்சு வாங்க. "பெத்தவ நானே இருக்கறப்ப சாமி இன்னாத்துக்கு? தண்ணி குடுங்க, புள்ள வாயக் கழுவணும்."

"பொம்பள கையாலயா நான் அடி வாங்குவேன்? ஆத்தா இல்ல அடிச்சா!" என்று மேஸ்திரி சொல்லித் திரிந்தார். ஊரும் அதையே நம்பியது.

அம்மன் என்னை மன்னிக்கட்டும். நீங்கள் இதை யாருக்காவது சொன்னால், அம்மனைச் சேர்க்காமல் சொல்லுங்கள். அடித்தது அவள்தான்.