ஆயுதப் பெட்டியும் மஞ்சள் காப்பும்

மண்ணெண்ணெயில் ஊறிய துருவுக்கு ஒரு வாடை உண்டு. மூக்கில் ஏறினால் இலேசில் இறங்காது. சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் சிலேட்டைத் துடைக்கும் கந்தையில்கூட இருக்கும். இலங்கை மலைநாட்டில் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ‘இஸ்தோப்பு’த் திண்ணையில் குந்தியிருந்து அப்பா ஒரு பழைய இரும்புப் பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அந்த வாடைதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ‘ஸ்டோரு’ என்போம். அங்கே எஞ்சினையும் அரைக்கிற மெஷின்களையும் பார்த்துக்கொள்ளும் ‘பிட்டர்’ வேலை அப்பாவுக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. வேலை கிடைத்ததே தவிர கையில் ஆயுதம் கிடையாது. சுத்தியல், அரம், குறடு எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் ஆயுதம் என்றுதான் பேர். கப்பலில் புதுச் சாமான் வருவதும் நின்றுபோயிருந்தது. ஆனால் அப்பாவுக்கு முன் பிட்டராக இருந்த முத்தையாவின் ஆயுதப் பெட்டி, உள்ளே இருந்த சாமான்களோடு, ஸ்டோரின் மாடிப்படிக்குக் கீழே யாரும் தொடாமல் கிடந்தது. தொடாததற்குக் காரணம் இருந்தது. முத்தையா பிட்டரை, எஞ்சினிலிருந்து மெஷின்களைச் சுற்றவைக்கும் தோல் வார் இழுத்து அடித்துக் கொன்றிருந்தது, அவர் விழுந்தது அந்தப் பெட்டியின் மேல் என்று சொன்னார்கள். “வேணும்னா எடுத்துக்கப்பா, அது அங்க கெடக்குறதே எனக்குப் புடிக்கல” என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சொன்னதும், அப்பா அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். “செத்தவரு சாமான வீட்டுக்குள்ள ஏத்தாதீங்க. நான் ரெண்டு புள்ளய வச்சிருக்கேன்.”

“இரும்புக்கு ஏது பேயி? நீ போயி அடுப்பப் பாரு” என்றார் அப்பா. ஆனாலும் பெட்டியை உள்ளே கொண்டுவரவில்லை, இஸ்தோப்போடு நிறுத்திக்கொண்டார். அம்மாவிடம் அவருக்கு அவ்வளவு பயம் இருந்தது.

அந்தப் பெட்டிக்கு அப்பா செய்த பணிவிடையை எங்களில் ஒருவருக்கும் செய்ததில்லை என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இறுகிப்போன கீல்களில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, நசுங்கிய பக்கத்தை மரக்கட்டை கொடுத்து உள்ளிருந்து தட்டி நிமிர்த்தி, செங்கல் தூளைச் சாக்கில் தொட்டுத் தேய்த்து, அதற்கும் மசியாத இடத்தில் உப்புத்தாள் போட்டு, ஓட்டை விழுந்த மூலைக்கு ஈயம் வைத்து அடைத்து, ஒடிந்த பிடிக்குப் பதிலாக ஒரு கம்பியை வளைத்து மாட்டி, வேலை முடிந்து வந்த ஒவ்வொரு பொழுதும் அதனோடேயே கிடந்தார். மனுசன் அப்படிச் சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. சீட்டியடித்துக்கொண்டு தேய்ப்பார்.

மூடியின் உள்பக்கத்தில் மட்டும் ஒரு கறை. அப்பா அதைப் பளபளவென்று தேய்த்து வைப்பார்; விடிந்து பார்த்தால் அதே இடத்தில் அதே செம்பழுப்பு. “மழ ஈரம்” என்றார். “மத்த எடத்துலயெல்லாம் இல்லாத ஈரம் அங்க மட்டும் எப்புடி வருது?” என்று அம்மா கேட்டாள், அப்பா மறுபடி செங்கல் தூளைத் தொட்டார். அந்த இடத்தில் இரும்பு அரித்துக் குழிவிட்டிருந்தது, குழியில் ஈரம் தங்கியது, அவ்வளவுதான் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று நான் அந்த மூடியைத் திறந்து பார்க்கவே நடுங்கினேன்.

அதே வாரம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா ஸ்டோரில் மிஞ்சிய பச்சைப் பெயின்டைப் பெட்டிக்கு அடித்தார். மூடுபனியில் அது காயாமல் பிசுபிசுத்தது. பக்கத்துக் காம்பரா செல்லம்மா அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா? “அந்தப் பெட்டி தொட்டவன வுடாது மதினி” என்று அம்மாவின் காதில் ஓதிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மா ஆள் மாறிவிட்டாள். ஸ்டோர் எஞ்சினின் ‘டக் டக்’ சத்தம் லயம்வரைக்கும் கேட்கும். அது நேரங்கெட்ட நேரத்தில் நின்றால், அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். மறுபடி சத்தம் வரும்வரை உட்காரமாட்டாள். அவளைப் பார்த்து நானும் எழுந்து நிற்பேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தளைக்கு இறங்கிப்போய், மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு, அம்மன் காலடியில் வைத்து வாங்கிய மஞ்சள் காப்பு ஒன்றோடு வந்தாள். மாசி மகத் தேர் முடியும்வரை அப்பாவின் வலக்கையில் அது இருக்க வேண்டும், நடுவில் அவிழ்க்கக் கூடாது, அறுந்துவிட்டால் கெட்ட சகுனம். அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அம்மா நூலைத் தானே திரித்திருந்தாள். இழைமேல் இழை சேர்த்து, மஞ்சளில் நனைத்து, மாடு கட்டினாலும் தாங்கும்படி முறுக்கியிருந்தாள்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஸ்டோருக்குள்ள கையில ஒன்னும் கட்டக் கூடாது. சட்டக் கைய தொங்க வுட்ட பயலுகளயே நான் வெரட்டுறவன்.”

“அப்ப பெட்டிய வுட்டுடுங்க.”

அப்பா பெட்டியைப் பார்த்தார். அப்போதுதான் பெயின்ட் காய்ந்து, குறடும் அரமும் உள்ளே வரிசையாக அடுக்கப்பட்டு, அது கலியாண வீட்டுச் சாமான்போல இருந்தது. கையை நீட்டினார். கட்டி முடிந்ததும் நூலின் நுனிகளை முறுக்கி உள்ளே செருகிக்கொண்டார். அதன்பின் தினமும் வேலைக்குப் புறப்படும்போது அப்படிச் செருகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

தேருக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பட்டப்பகல். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள், எஞ்சின் சத்தம் நின்றது. அவள் எழுந்து நின்றாள். சத்தம் திரும்ப வரவில்லை. யாரோ எங்கள் லயத்தை நோக்கி ஓடிவருவது தெரிந்ததும் அம்மா ஒரு கேள்வி கேட்காமல் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கப்பியிலிருந்து நழுவிய வாரை மேலே ஏற்றப்போய் அப்பாவின் வலக்கை உள்ளே போயிருந்தது. தேயிலை லொறியில் படுக்கவைத்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, மணிக்கட்டோடு கை போனது.

ஆஸ்பத்திரியில் அம்மா சுடுதண்ணி வாங்கப் போயிருந்த நேரம், அப்பாவின் கைமுனையில் சுற்றியிருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான், “காப்பு எங்கப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். “அதுதான் இழுத்திருச்சு. நுனி அவுந்து தொங்குனத நான் பாக்கல, வாருல இருந்த ஆணியில மாட்டிக்கிச்சு. சும்மா நூலா இருந்திருந்தா அறுந்திருக்கும்.” பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னார். “அம்மாகிட்ட சொல்லாத. பெட்டியால வந்ததுன்னே இருக்கட்டும்.”

அம்மா வந்ததும் அவரே ஆரம்பித்தார். “நீ சொன்னதுதான் சரி. அந்தப் பெட்டி நமக்கு வேணாம், கொண்டுபோயி ஆத்துல போட்டுடு.” அம்மா அப்போதுதான் அழுதாள்.

அவளும் செல்லம்மா அத்தையும் பெட்டியைச் சாக்கில் கட்டி, குறடு அரம் ஒன்றைக்கூட எடுக்காமல், பள்ளத்து ஆற்றில் உருட்டிவிட்டார்கள். தண்ணீருக்குள் பச்சை நிறம் கொஞ்ச நேரம் தெரிந்தது. எனக்கு ஓவென்று கத்தி உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது, சொல்லவில்லை. பிறகு அப்பாவுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். அவர் சீட்டியடித்து நான் கேட்கவேயில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மாசியிலும் அம்மா மஞ்சள் நூல் திரித்துக்கொண்டு அவர் முன்னால் உட்காருவாள், அவர் இடக்கையை நீட்டுவார். “கெட்டியா கட்டு” என்பார்.

சென்ற ஆண்டு அந்தப் பக்கம் போனேன். ஸ்டோர் இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் காட்டுச் செடியும்தான் இருந்தன. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். எஞ்சின் சத்தம் இல்லாத அந்த மலையில் எனக்கு நிற்கப் பிடிக்காமல் சீக்கிரம் திரும்பிவிட்டேன். அப்பா எப்போதோ போய்விட்டார். அவருக்குப் பின் பல வருசம் இருந்த அம்மாவும் இப்போது இல்லை, இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் ஒருமுறை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அந்தக் காப்பு மட்டும் இல்லாட்டி ஒங்கப்பன் உசுரே போயிருக்கும். கையோட வுட்டுட்டா மாரியாத்தா.”

“ஆமாம்மா” என்றேன்.