சேற்றுப் பந்தயத்துக்கு எந்தப் பெற்றோல்?

பந்தயப் பெற்றோல் விற்கிறவனிடம் வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: எதை ஊற்றினால் வேகமாக ஓடும்? முதலில் உங்கள் எஞ்சினைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் முகம் கோணும். கடையில் நின்று சனத்துக்கு எதையாவது விற்றவர்களுக்கு இந்த வேதனை விளங்கும். மற்றவர்கள் சும்மா வாசியுங்கள்.

தொண்ணூறுகளில் ஆறு வருடம் டோர்ட்மண்டுக்கும் ஹாமுக்கும் இடையில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். மேடு பள்ளத்திலும் சேற்றிலும் ஓடுகிற பந்தய மோட்டார் சைக்கிள்களைத் திருத்துகிற இடம். முதலாளி பெயர் ஹோர்ஸ்ட். பெரிய உடம்பு, சின்னக் கோபம். நல்ல மனிசன்.

கழுவுகிறவன்

முதலில் எனக்குச் சேறு கழுவுகிற வேலை. ஒருநாள் சபீனே என்று ஒருத்தி வந்தாள். கடிதம் விநியோகிக்கிறவள். பழைய பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தாள். அதைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றி ஓடிக் காட்டினாள். தகரப் பேணிக்குள் சின்ன ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர்க் குழாயை நிற்பாட்டிவிட்டு, எஞ்சின் உள்ளே தட்டுகிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். ஹோர்ஸ்ட் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் விளிம்பை எலி அரித்த மாதிரி இருந்தது.

முன்பு வைத்திருந்தவன் சிலிண்டர் தலையைச் சீவி, எஞ்சினின் அமுக்கத்தைக் கூட்டிவிட்டிருக்கிறான். இவள் அதற்குள் சாதாரணப் பெற்றோலை ஊற்றியிருக்கிறாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு எஞ்சின்தான். மூன்று வருடமாகப் பந்தயத்தில் மேல் பிரிவுக்கு ஏற முயன்று, ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் தவறவிட்டவள். இந்த வருடம் இந்த எஞ்சின் போனால் எல்லாம் போச்சு என்றாள். புதுப் பிஸ்டன் போட்டோம். அன்று பின்னேரம் ஹோர்ஸ்ட் பந்தயப் பெற்றோல் பூட்டிவைக்கிற அறையின் திறப்பை என் கையில் தந்தார்.

"நாளையில இருந்து கழுவாதே. எஞ்சினைக் கேட்டுப் பெற்றோல் குடு."

பல் வைத்தியர்

பெற்றோலின் ஒக்டேன் எண் குதிரைவலு அல்ல. எவ்வளவு அமுக்கினாலும் நெருப்புப் பொறி வரும்வரை வெடிக்காமல் பொறுத்திருக்கிற குணத்தைத்தான் அந்த எண் சொல்கிறது. அதிகம் அமுக்குகிற எஞ்சினுக்குப் பொறுமையான பெற்றோல் வேண்டும்; இல்லாவிட்டால் முந்தி வெடித்துத் தட்டும். அமுக்காத எஞ்சினுக்கு அந்தப் பொறுமை வீண். இதைச் சொல்லிச் சொல்லி என் பொறுமைதான் போனது.

ஒரு பல் வைத்தியர் வந்தார். அவரிடம் இருந்தது சாந்தமான பழைய மோட்டார் சைக்கிள். பாட்டுப் பாடிக்கொண்டு காட்டுப் பாதையில் போகலாம். தனக்கு அறையில் இருக்கிறதிலேயே பெரிய எண் வேண்டும் என்றார். உங்கள் எஞ்சினுக்கு அது தேவையில்லை, முன்னால் உள்ள பெற்றோல் நிலையமே போதும் என்றேன். கேட்கவில்லை. தன்னிடம் வருகிறவர்கள் தேவையில்லாத பல்லைப் பிடுங்கச் சொன்னால் இவர் பிடுங்குவாரோ தெரியாது. இருபது லீற்றர் கொண்டுபோனார். அடுத்த கிழமை வந்தார். பந்தயத்தில் வழமைபோலக் கடைசிக்கு முதல் ஆளாக வந்திருக்கிறார். முகத்தில் கவலை இல்லை.

"வேகம் ஒண்டும் கூடேல்லை. ஆனா எனக்குப் பின்னால வந்தவன் நல்ல வாசம் எண்டான்."

அம்பாளுக்குப் போகிற வான்

என் ஊர்க்காரன் யோகன் டோர்ட்மண்டில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறவன். கோடையில் ஊன்ட்றொப் அம்பாள் கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப்போகத் தன் வானை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். வானுக்குள் அவன் குடும்பம், மச்சானின் குடும்பம், மடியில் மோதகச் சட்டிகள். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் பெற்றோல் அறை வாசலில் நின்று பீப்பாவை முகர்ந்துகொண்டிருந்தான். பத்து லீற்றர் ஊற்றச் சொன்னான்.

நான் ஏலாது என்றேன். அது ஈயம் கலந்த பந்தயப் பெற்றோல். அவனுடைய வானில் புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி இருந்தது. ஈயம் பட்டால் அந்தப் பெட்டி செத்துப்போகும். விளக்கினேன். அவன் அதை என் கஞ்சத்தனம் என்று நினைத்தான். கோயிலுக்குப் பூவும் பழமும் வாங்கினால் கடையில் உள்ளதிலேயே திறமானதாகத்தானே வாங்குகிறோம், வாகனத்துக்கு மட்டும் ஏன் குறைந்ததை ஊற்றவேண்டும் என்பது அவன் நியாயம். வானுக்குள் இருந்த பெண்சாதியும் அவன் பக்கம். அறையைப் பூட்டித் திறப்பைப் பொக்கெற்றில் போட்டேன். போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். கோயில் வாசலில் இறங்கும்போது சொன்னான்.

"அண்ணை, நீங்கள் தராட்டில் பரவாயில்லை. அம்பாளிட்டை நேர சொல்லிப்போட்டு வாறன்."

மூடாத கலன்

செப்ரெம்பரில் சபீனே ஒரு பந்தயத்தைக் கோட்டைவிட்டாள். சைக்கிள் ஸ்டார்ட் வரவே இல்லையாம். அவளுடைய பெற்றோல் கலனைக் கொண்டுவரச் சொன்னேன். நான் கொடுத்த நல்ல பெற்றோல். அரைவாசியை எடுத்துவிட்டு, மூடியை ஒழுங்காக இறுக்காமல் வெயில் படுகிற யன்னலுக்குக் கீழே இரண்டு கிழமை வைத்திருக்கிறாள். சுலபமாகத் தீப்பிடிக்கிற பகுதி எல்லாம் ஆவியாகிப் போய்விட்டது. மிச்சம் இருந்தது வெறும் மணம்.

நன்றாக ஏசினேன். அவளும் நின்று கேட்டாள். இனி ஒரே வழி, ஒக்டோபரில் வருகிற கடைசிப் பந்தயத்தில் முதல் ஐந்து பேருக்குள் வரவேண்டும். வந்தால் மேல் பிரிவு. வராவிட்டால் நாலாவது வருடமும் பழைய இடம். புதுக் கலன் நானே நிரப்பிக் கொண்டுவருகிறேன், நீ தொடாதே என்றேன்.

"கடிதம் பிந்தினா ஊர்ச்சனம் ஏசுது, பெற்றோல் பழசானா நீங்கள் ஏசுறீங்கள். எனக்கு எண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லையோ?"

கடைசிப் பந்தயம்

மூன்ஸ்டருக்கு அப்பால் ஒரு வயல்வெளி. விடிந்ததில் இருந்து மழைத் தூறல். ஹோர்ஸ்டின் இழுவை வண்டியைத் திறந்தால் பெற்றோல் மணம் முகத்தில் அடித்தது. என் கலன் சரிந்து கிடந்தது. உள்ளே ஒரு கோப்பை அளவுகூட இல்லை. மூடியின் றபர் வளையம் வெடித்திருந்தது. அதை மாற்றவேண்டும் என்று இரண்டு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்தான். சபீனே மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பக்கத்தில் ஒருவன் தன்னுடையதில் ஐந்து லீற்றர் தருகிறேன் என்றான். இந்த மாதிரி எஞ்சினுக்குப் பெற்றோலோடு எண்ணெயும் கலக்கவேண்டும்; என்ன பெற்றோல், எவ்வளவு எண்ணெய் கலந்தது என்று கேட்டேன். அவனுக்கே தெரியாது. வேண்டாம் என்றேன். பெற்றோல் நிலையத்தில் சூப்பர் பிளஸ் கிடைக்கும், தெருவில் ஓடுகிற வாகனங்களுக்கான கூடின எண். ஆனால் சீவின எஞ்சின் அதில் ஓடினால் இரண்டு சுற்றில் தட்டித் தட்டிப் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். மெதுவாக ஓடட்டும் என்றார் ஹோர்ஸ்ட். மெதுவாக ஓடி ஐந்துக்குள் வருவது எப்படி என்று கேட்டேன்.

பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவோம். பிறகு மண்ணெண்ணெய்தான். அதுக்கு அமுக்கத்தைப் பொறுக்கிற குணம் கொஞ்சமும் இல்லை. அதனால் சிலிண்டர் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கட் தகடு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி அமுக்கத்தைக் குறைத்துவிடுவோம். எஞ்சினுக்கு ஏற்றது கிடைக்காவிட்டால், கிடைக்கிறதுக்கு ஏற்ற மாதிரி எஞ்சினை மாற்றுவது.

ஹோர்ஸ்டிடம் இரண்டு கஸ்கட் கேட்டேன். ஒன்றுக்கு மேல் ஒன்றா, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார். புத்தகம் இல்லை, ஸ்பனரைத் தாங்கோ என்றேன். சபீனே பெற்றோல் நிலையத்துக்கு ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் தலையைக் கழற்றி இரண்டு கஸ்கட்டும் வைத்துப் பூட்டிவிட்டேன். எண்ணெய் கலந்து ஊற்றினேன். அவள் ஒரு சுற்று ஓடினாள். வேலியில் சாய்ந்து கேட்டேன். தட்டவில்லை.

புறப்பட்டபோது பின்னுக்குத்தான் நின்றாள். வலு குறைந்துதானே போயிருந்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் மற்றவர்களுடைய சில்லுகள் எல்லாம் சேற்றில் சும்மா சுழன்றன. கூடின வலு அவர்களைப் புதைத்தது. இவளுடைய எஞ்சின் பசுமாடு மாதிரி நிதானமாக ஏறிப்போனது. ஒவ்வொருவராகக் கடந்தாள். நாலாவதாக வந்தாள். ஹோர்ஸ்ட் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் வயதுக்கு அது சரியில்லை என்று சொல்லியும் விடவில்லை. முகமெல்லாம் சேறாக வந்த சபீனே என்னைக் கட்டிப்பிடித்து, என் நல்ல ஜக்கற்றையும் பழுதாக்கிவிட்டுச் சொன்னாள்.

"அந்த ரெண்டு கஸ்கட்டிலையும் கை வைக்காதேங்கோ. அடுத்த வருசமும் எனக்கு இதே எஞ்சின், இதே பெற்றோல்."

பூட்டின அறையும் பீப்பாவும் வைத்து ஆறு வருடம் ஆளுக்கு ஆள் பெற்றோல் தெரிவுசெய்து கொடுத்த எனக்குக் கிடைத்த ஒரே பெரிய வெற்றி, தெருவோரப் பெற்றோல் நிலையத்தில் எவனும் தானாகவே அடித்துக்கொள்ளக்கூடிய பெற்றோலில் வந்தது.